கரடியின் அத்தை மகள்

டப்பிங் அறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வசனம் என்றுதான் சொல்வோம். “வசனம் வந்தாச்சா?”, “வசனம் இன்னும் சாப்பிடல”, “வசனத்துக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, யாரும் வாயைக் கொடுக்காதீங்க.” புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள் ஏதோ தாளைப் பற்றிப் பேசுகிறோம் என்று மேசையெல்லாம் தேடுவார்கள். தேடிக்கொண்டிருக்கும்போதே, நனைந்த குடையை ஒரு கையிலும் பிஸ்கட் பொட்டலத்தை மறு கையிலும் பிடித்தபடி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஐம்பதைத் தாண்டிய ஒரு குள்ளமான பெண்மணி உள்ளே வருவார். அவர்தான் வசனம்.

பிஸ்கட் ருசிக்காக வாங்குவதில்லை. மைக் முன்னால் நிற்கும்போது வயிறு முனகினால் அதுவும் பதிவாகிவிடும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைப் பதிவு செய்கிறவன் நான். அவர் வயிற்றின் குரல்கூட எனக்கு அத்துப்படி.

வேற்று நாட்டில் வரைந்து அனுப்பும் கார்ட்டூன்களுக்குத் தமிழ்ப் பேச்சு எழுதுவது அவருடைய வேலை. எழுதிவிட்டு ஒன்றிரண்டு பாத்திரங்களுக்கு அவரே குரலும் கொடுப்பார். கேட்பதற்கு விளையாட்டு வேலை மாதிரி இருக்கும். படத்தில் நரி வாயைத் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும். நரி உதட்டை மூடும் இடத்தில் கரெக்டாக ஒரு ப-வோ ம-வோ வந்து விழ வேண்டும். விழாவிட்டால் பால் பல் விழாத பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும், பேசுவது அந்த நரி இல்லை என்று. ‘உதடு ஒட்டுது’, ‘உதடு ஒட்டல’ என்பது எங்கள் அறையின் பாஷை. வசனம் ஒரு கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, திரையில் ஓடும் வாயையும் கண்ணாடியில் தெரியும் தன் வாயையும் மாறி மாறிப் பார்த்து முணுமுணுப்பார். பார்க்கிறவர்கள் ஜெபம் செய்கிறார் என்று நினைப்பார்கள்.

இந்த முணுமுணுப்பில் அவர் சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறார். ஒரு படத்தில் மின்மினி ஒன்று வரும். நான் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை என்று அதுவே சொல்லிக்கொள்ளும். பக்கத்து அறைகளில் வேறு மொழிகளுக்கு எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவனா, அவளா, எப்படி எழுதினாலும் இடித்தது. வசனம் ‘அவங்க வந்தாங்க, அவங்க விளக்கைப் போட்டாங்க’ என்று எழுதிவிட்டுப் பிஸ்கட் தின்னப் போய்விட்டார். “மரியாதை கொடுத்துட்டா போதும். அப்புறம் ஆணா பெண்ணான்னு தமிழ் துருவிக் கேக்காது” என்றார்.

எல்லா இடத்திலும் அவர் கொடி பறந்தது என்று சொல்ல வரவில்லை. வேறொரு படத்தில் இரண்டு இளவரசர்கள். சேனலின் உத்தரவுப்படி அவர்கள் தமிழில் அண்ணன் தம்பி ஆனார்கள். கடைசிக் காட்சியில் ஒருவன் மற்றவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ‘உன் கண்ணில்தான் என் ராஜ்யம் இருக்கிறது’ என்பான். அதை, ‘கண்ணுல தூசி விழுந்திருக்கு பார், அசையாம இரு’ என்று எழுத வேண்டிவந்தது. உதடு அப்படியே கச்சிதமாக ஒட்டியது. பாராட்டப் போனேன். “உடன்பிறப்பு, உயிர் நண்பன்னு ஒவ்வொரு தரம் எழுதும்போதும் எனக்கு ஒரு உயிர் போகுதுப்பா” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்று மழைகூட இல்லை.

இனி கரடிக்கும் நரிக்கும் வருகிறேன்.

தொடரில் கரடி பஸ் ஓட்டும். நரி கடிகாரம் பழுது பார்க்கும். இரண்டும் பெண். மலையடிவாரத்தில் ஒரே வீட்டில் இருக்கின்றன. வழியில் கிடைத்த ஒரு குட்டி முயலை எடுத்து வளர்க்கின்றன. காலையில் கரடி பஸ்ஸை எடுக்கும்போது நரி வாசலுக்கு ஓடிவந்து மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும். இவ்வளவுதான் கதை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதற்குப் பைத்தியமாக இருந்தார்கள். நரிக்குக் குரல் வசனம். கரடிக்குக் குரல், அதுவரை ராட்சசர்களுக்கும் இடிமேகத்துக்கும் மட்டுமே கூப்பிடப்பட்ட ஒரு நடிகை. அவரை நாங்கள் கட்டைக்குரல் என்போம். அவரும் போனில் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வார்.

நரி கரடியைக் கூப்பிட வசனம் எடுத்துக்கொண்ட சொல் ‘என்னங்க’. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரையும் என்னங்க என்று கூப்பிடலாம். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அதற்கு வேறு அர்த்தம். ஒரு வார்த்தையைப் பிடித்து யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் கேட்கிற எல்லோருக்கும் அது எந்த வீடு என்று தெரியும். இரண்டு வருஷம் அப்படி நிம்மதியாக ஓடியது.

பிறகு சேனல் தம்பி வந்தார். குழந்தைகள் சேனலில் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற இளைஞர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் வேறு. பேசுவார், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவார். நல்ல பிள்ளை. எங்களுக்குப் பிறந்தநாள் என்றால் நினைவு வைத்துக்கொண்டு கூப்பிடுவார். கெட்ட செய்தி சொல்ல வரும்போது மட்டும் கதவைத் தட்டிவிட்டு வருவார். அன்று தட்டினார்.

“அக்கா, ஒரு சின்ன மாற்றம்.”

“சின்ன மாற்றம்னு வர்றவங்க கையிலதான் பெரிய கத்தரிக்கோல் இருக்கும். சொல்லுங்க.”

“நம்ம கரடியும் நரியும் இருக்காங்கல்ல.”

“இருக்காங்க. நேத்துகூடப் பார்த்தேன். சௌக்கியம்தான்.”

“அவங்களைக் கசின்ஸ் ஆக்கிடுங்கன்னு மேல சொல்றாங்க. பெற்றோர் சங்கத்துலேர்ந்து புகார் வந்திருக்கு.”

“என்னன்னு?”

“ரெண்டு பொம்பளைங்க ஒரே வீட்டுல குடும்பம் நடத்துறாங்கன்னு.”

“கரடி லைசென்ஸ் எடுத்து பஸ் ஓட்டுதே, அதுக்குப் புகார் இல்லையா?”

தம்பி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு அதற்காகக் கவலைப்பட்டார். அவருக்கு மேலே இருப்பவர்கள் வேறு மொழிக்காரர்கள்; தமிழில் என்ன ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தம்பி சொல்வதுதான்.

“சரி. கசின்னா எந்தக் கசின்?” என்று கேட்டார் வசனம்.

“எந்தக் கசின்னா? கசின்னா கசின்தானேக்கா.”

“தமிழ்ல அப்படி ஒரு சொந்தம் கிடையாது தம்பி. சித்தி பொண்ணு இருக்கா, பெரியப்பா பொண்ணு இருக்கா, மாமா பொண்ணு இருக்கா, அத்தை பொண்ணு இருக்கா. எல்லாரும் ஒரே ஆள் இல்ல.”

தம்பியின் போன் அடித்தது. எழுந்துகொண்டே சொன்னார்: “உங்க இஷ்டம்க்கா. ஏதாவது ஒண்ணைப் போட்டுக்கோங்க. கசின்னு இருந்தா சரி.”

வசனம் கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ சாட்சி. என் இஷ்டம்னு சொல்லிட்டுப் போறார்.”

பிழைக்க வந்த இடத்தில் எதற்கும் சாட்சியாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஜாதி நான். தலையை ஆட்டினேனா இல்லையா என்று தெரியாத மாதிரி ஆட்டிவைத்தேன்.

அடுத்த பதிவில், பஸ்ஸில் ஏறும் ஆமை ஒன்று கரடியிடம், உங்கள் வீட்டில் இருக்கும் அந்த நரி யார் என்று கேட்கிறது. கட்டைக்குரல் மைக் முன்னால் தாளைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். “அவளா? அவ என் அத்தை மக” என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் போகவில்லை. அறை அதிரச் சிரித்தார். ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய்விட்டது.

“என்னடி இது, சொந்தமாக்கச் சொன்னா முறைப்பொண்ணாக்கி வச்சிருக்கே?”

“கசின் கேட்டாங்க. கசின் கொடுத்தேன்.”

“அது சரி, கரடியோட அத்தை எப்படிடி நரியைப் பெத்தா?”

“அத்தையை நரி வீட்டுல கட்டிக்கொடுத்துட்டாங்க. வாக்கப்பட்டுப் போன இடம் அப்படி. கூடப் பிறந்தவங்கன்னு எழுதினாத்தான் பிள்ளைங்க கேக்கும், ஒருத்திக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய வாலுன்னு.”

சித்தி மகள் என்றால் தங்கை. அதோடு கதை முடிந்தது. அத்தை மகள் என்றால் எந்தத் தமிழ்க் காதும் அங்கேயே நிற்காது. கிண்டல் வரும், வெட்கம் வரும், எப்போது என்ற கேள்வி வரும். அதிலும் கட்டைக்குரல் அந்தச் சொல்லைச் சொன்ன விதம், கரடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குழைந்த மாதிரி இருந்தது. போதாததற்கு ஆமையும் படத்தில் தற்செயலாகக் கண்ணடித்துத் தொலைத்தது.

ஒளிபரப்பானது. லிஃப்டில், பள்ளி வாசலில், ஒருவரையொருவர் விடாமல் ஒட்டிக்கொண்டு திரிகிற இரண்டு பேரைப் பார்த்தால் ‘என்ன, அத்தை மகளா?’ என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். பெற்றோர் சங்கத்துக்கு, அவர்கள் கேட்டபடி கரடியும் நரியும் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள் என்று பதில் போனது. எல்லோருக்கும் திருப்தி.

தம்பியின் அம்மாவுக்கும் திருப்திதான். சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “அத்தை மகளா? அப்ப சரி. கல்யாணம் எப்போ வச்சிருக்காங்க?” என்று மகனைக் கேட்டாராம். மகனுக்குப் புரியவில்லை. அம்மா விளக்கினாராம்.

மறுநாள் தம்பி கதவைத் தட்டவே இல்லை. நேராக உள்ளே வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவருக்கு அது வரவில்லை.

“அக்கா, நான் உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்.”

வசனத்தின் முகம் மாறியது. “கேட்டேனே தம்பி, எந்தக் கசின்னு.”

“கேட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் கேட்டீங்க.” ஒரு உறையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். “இனிமே கசின் வேண்டாம். அக்கா தங்கச்சி. அடுத்து கல்யாணப் பகுதி வருதில்ல, அதைப் பிறந்தநாளா மாத்தி வேற ஆளை வச்சு எழுதியாச்சு. நீங்க குரல் மட்டும் கொடுத்தாப் போதும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நரிக்கு வேற குரல் பார்க்கச் சொல்றாங்க.”

கல்யாணப் பகுதி பற்றி எங்களுக்குத் தெரியும். குட்டி முயல் ஒரு நாள், நீங்கள் இரண்டு பேரும் எப்படி ஒரு வீடு ஆனீர்கள் என்று கேட்கிறது. நரி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் கல்யாணக் கதையைச் சொல்கிறது. தொடரிலேயே ஒரே ஒரு முறை எல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்படும் இடம் அது. வசனம் அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். ஒவ்வொரு உதட்டையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அன்று அவர் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு எனக்குச் சொன்னது கண்ணாடிக்கடைக்காரி. எங்கள் டப்பிங் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், உயரமானவர், சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு “இது தேவலையா, அது தேவலையா?” என்று கேட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். வசனமும் அவரும் ஒரே வீட்டில் பல காலமாக இருக்கிறார்கள். வசனத்தின் சித்தி மகள், ஒன்றுவிட்ட தங்கை என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். மீதிப் பேருக்குத் தெரியாதது போல இருக்கத் தெரியும்.

வசனம் பாத்திரம் துலக்க, கண்ணாடிக்கடைக்காரி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

“அப்ப என்னதான் செய்யப்போறே?”

“சண்டை போடப்போறேன். அது கல்யாணம். பிறந்தநாள்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

“நல்லது. யாருக்காகச் சண்டை?”

“யாருக்காகன்னா? கரடிக்காக, நரிக்காக.”

கண்ணாடிக்கடைக்காரி ஒரு தட்டை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தாராம். “வீட்டு ஓனர்கிட்ட நான் யாரு?”

வசனம் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துலக்க ஆரம்பித்தாராம்.

“டப்பிங் ஆளுங்ககிட்ட? பக்கத்து வீட்டுல? சித்தி பொண்ணு. எந்தச் சித்தி? உங்க அம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது.”

“அதை இத்தனை காலத்துல ஒருத்தரும் கேக்கலையே.”

“கேட்டா என்ன சொல்லணும்னுகூட எழுதிக் கொடுத்திருந்தியே. வசனம் உன்னோடது, நான் வாயை மட்டும் அசைச்சேன்.” தட்டை அடுக்கில் வைத்தார். “கரடிக்கு அத்தை மக. எனக்குச் சித்தி மக. கரடி கொடுத்து வச்சது.”

இதைச் சொல்லும்போது கண்ணாடிக்கடைக்காரி சிரித்தார். அன்று சிரித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பதிவுக்கு வசனம் வந்தார். குடை, பிஸ்கட், கைக்கண்ணாடி எல்லாம் வழக்கம் போல. கைக்கடிகாரத்தின் டிக் டிக் பதிவாகிவிடும் என்று கழற்றி வைத்தார். ஏ.சி.யை நிறுத்தினேன். கட்டைக்குரல் ஒரு ஸ்டூலில், தம்பி என் பக்கத்தில். திரையில் பூத்த மரத்தடியில் கரடியும் நரியும் நிற்கின்றன. மலையடிவாரம் முழுக்கக் கூடியிருக்கிறது.

வசனம் தம்பி கொடுத்த தாளைப் பார்த்து ஒருமுறை வாயசைத்தார். “அன்னிக்குத்தான் எங்க அக்காவுக்குப் பிறந்தநாள்.” ஹெட்போனைச் சற்று விலக்கினார்.

“உதடு ஒட்டல.”

“பரவாயில்லக்கா. ஓரளவு இருந்தாப் போதும்.”

“மோதிரம் மாத்திக்கிறாங்களே. பிறந்தநாளைக்கு அக்காவும் தங்கச்சியும் மோதிரம் மாத்திப்பாங்களா?”

“பரிசு கொடுக்கிறாங்கன்னு வச்சுக்குவோம்.”

“அந்த ஆமை தேம்பித் தேம்பி அழுவுது.”

தம்பி தாளைப் புரட்டினார். “ஆமைக்கு ஒரு லைன் இருக்குக்கா. ‘எனக்கு ஜலதோஷம்’னு சொல்லும்.”

கட்டைக்குரல் ஸ்டூலிலிருந்து விழப்போனார். தம்பிக்கே உதட்டோரம் துடித்தது. சிரிப்பு அடங்குகிற வரை வசனம் காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, பொய் எழுதறது எனக்குப் புதுசு இல்ல. ராஜகுமாரன் கண்ணுல தூசியைப் போட்டவளே நான்தான். ஆனா இதை என்னால சொல்ல முடியாது.”

“அக்கா, இது வெறும் கார்ட்டூன். பிள்ளைங்க பார்க்கிறது.”

“வெறும் கார்ட்டூன்னா, எதுக்கு உங்க மேலிடம் ஒரு நரிக்கு இவ்வளவு பயப்படுது?”

தம்பி என்னைப் பார்த்தார். நான் ஒலிப்பதிவுப் பலகையைப் பார்த்தேன். பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படம் தானாக ஓடி அந்த இடத்துக்கு வந்தது. நரி குட்டி முயலின் காதை நீவிவிட்டு வாயைத் திறந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வசனம் நரியின் குரலில் பேசினார்.

“அன்னிக்குத்தான் கண்ணு, உன் கரடியம்மா எனக்குப் பொண்டாட்டி ஆனா.”

ஒரு எழுத்து பிசகவில்லை. தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வசனம் ஹெட்போனை ஆணியில் மாட்டினார், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார், பிஸ்கட் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கட்டைக்குரலும் எழுந்தார். “எனக்குத் தொண்டை கட்டிருச்சு தம்பி” என்று, கூரை அதிரும் குரலில் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

அந்தப் பகுதி தமிழில் ஒளிபரப்பாகவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய பகுதி குட்டி முயலின் கேள்வியோடு நின்றது. அடுத்த வாரம் கரடி பஸ்ஸுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தது. நரி வேறொரு குரலில் அக்கா அக்கா என்றது. குரல் மாறிப்போனதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து, நரிக்கு உடம்பு சரியில்லையா என்று சேனலுக்கு எழுதிக் கேட்டார்கள். வசனத்துக்கு அந்த சேனலில் அப்புறம் வேலை இல்லை. இப்போது லிஃப்டுகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் குரல் கொடுக்கிறார். ‘கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்’ என்று அவர் சொன்னால் எனக்கு அது வேறு யாரையோ மிரட்டுவது போலக் கேட்கும்.

ஆனால் இதெல்லாம் முடிவாவதற்கு முன்னால், தம்பி ஒரு கடைசி முயற்சி செய்தார். “நீங்களும் வாங்க, நீங்க இருந்தா அக்கா கொஞ்சம் நிதானமாப் பேசுவாங்க” என்று என்னையும் இழுத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனார். வேலை இல்லாத நேரத்தில் வசனம் அங்கேதான் கல்லாவில் உட்காருவார். சுவர் முழுக்க வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள், கண்ணில்லாமல் நம்மைப் பார்த்தபடி. ஒரு பெரியவர் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு சட்டமாக மூக்கில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்க அறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி மரியாதைக்கு நலம் விசாரித்தார். “உங்க தங்கச்சி இல்லையாக்கா?”

“தங்கச்சி இல்ல” என்றார் வசனம்.

“வெளிய போயிருக்காங்களா?”

“உள்ளதான் இருக்கா. மிஷின் சத்தம் கேக்கலையா?”

“தங்கச்சி இல்லன்னீங்களே.”

“தங்கச்சி இல்லன்னுதான் இப்பவும் சொல்றேன்.”

தம்பிக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, நான் யோசிச்சுட்டேன். உங்க வழிக்கே வர்றேன். அத்தை மகள்னே இருக்கட்டும். கல்யாணத்தைக் கல்யாணம்னு சொல்லாம ‘விசேஷம்’னு சொல்லிடுவோம். மேல யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, நானும் சொல்ல மாட்டேன். புரியறவங்களுக்குப் புரியும். நரி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.”

அவர் பெரிய ஆபத்தைத் தலையில் போட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னார். நல்ல ஏற்பாடு. ஒத்துக்கொள்ளுங்களேன் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். பின்னால் இயந்திரம் நின்றது. தேய்ப்பதற்கு லென்ஸ் தீர்ந்துபோனதாலா, வேறு காரணமா தெரியாது.

வசனம் கல்லாவின் மேலிருந்த ஒரு சட்டத்தை மடக்கினார், பிரித்தார், மடக்கினார்.

“வேண்டாம் தம்பி.”

“ஏன்க்கா? நீங்க எழுதினதுதானே.”

“நான்தான் எழுதினேன். நல்லாவும் எழுதினேன். புரியறவங்களுக்குப் புரியும்னு எழுதி எழுதியே என் காலம் போச்சு. புரியறவங்களுக்கு நான் எதுக்கு எழுதணும்? அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முயல் கேட்ட கேள்வியையே கேட்டுக்கிட்டு எங்கேயோ ஒரு பிள்ளை டிவி முன்னால உக்காந்திருக்கும். அதுக்கு ஒரு தரமாவது நேரா பதில் சொல்லணும். விசேஷம்னா அது, கேக் வெட்டப்போறாங்கன்னு நினைச்சுக்கும்.”

“அப்ப நரி போயிடும்க்கா.”

“போகட்டும். உள்ள இருக்கறவளையும் ரொம்ப நாளா புரியறவங்களுக்குப் புரியும்னுதான் வச்சிருந்தேன். அவ என் சித்தி பொண்ணு இல்ல தம்பி. அவதான் என் வீட்டுக்காரி.”

தம்பி கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ஓ, வீடும் அவங்களோடதுதானா? நீங்க வாடகைக்கா இருக்கீங்க?”

கண்ணாடி முன்னால் நின்ற பெரியவர் இருமினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நரிக்கு ஒரு வார்த்தை, எனக்கு ஒரு வார்த்தையா?”

வசனத்துக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. எத்தனையோ மிருகங்களுக்கும் ராணிகளுக்கும் பேசியவர், தன் சொந்தக் குரலில் பேசுவதற்கு முன் ஒருமுறை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

“பொண்டாட்டி” என்றார். “அவ என் பொண்டாட்டி.” கடைக்கு வெளியே போகிறவருக்கும் கேட்டிருக்கும்.

பெரியவர் மூக்கிலிருந்த சட்டத்தைக் கழற்றினார், எங்களைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, “இது எனக்கு நல்லா இருக்கா பாருங்கம்மா” என்று வசனத்தைக் கேட்டார். “காதுகிட்ட கொஞ்சம் அகலம்” என்றார் வசனம். சட்டத்தை வாங்கி வளைத்துக் கொடுத்தார்.

தம்பி ஏதோ உபதேசம் செய்யப்போகிறார், அல்லது எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கவலை வேறு இடத்தில் இருந்தது.

“அப்ப நான் அவங்களை என்னன்னு கூப்பிடறது?”

எனக்கும் அது தோன்றியது. முறை தெரியாமல் நம்மால் ஒருவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. வசனம் அவருக்கு அக்கா. அக்காவுக்குக் கட்டிக்கொண்டவர் என்ன ஆவார்?

கண்ணாடிக்கடைக்காரி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பின்பக்க அறையின் வாசற்படியில் நின்றார். “அத்தான்னு மட்டும் கூப்பிட்டுடாதே” என்றார்.

தம்பி யோசித்தார். வாய்க்குள்ளேயே ஒன்றிரண்டு சொல்லிப் பார்த்தார் போலிருக்கிறது. கடைசியில் எழுந்து நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரிக் கேட்டார்.

“மேல போய் நான் என்ன சொல்லட்டும் அண்ணி?”

“கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லு” என்றார் கண்ணாடிக்கடைக்காரி. “இனிமே மாத்த முடியாதுன்னு சொல்லு.”